சேசு என்று எழுதினால்

ஞானஒளிவுபுரம், மதுரை
மே 30

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பி டோனிக்கு அக்கா ஜெனிஷா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்கத் தேவையில்லை, குளியலறையில் நீ பாடுவது தெருவுக்கே கேட்கிறது. அப்பாவுக்குத் தெரியாமல் இதை உன் ஹெல்மெட்டுக்குள் வைத்துவிட்டு மடத்துக்குப் புறப்படுகிறேன்.

நேற்று மாடிப்படியில் பேசியதை எழுத்தில் போட்டுவிடுகிறேன், நீ மறதிக்காரன். உனக்கு எட்டு மாதத்தில் மூளைக் காய்ச்சல் வந்தபோது நம் அம்மா சகாயமேரி இடைக்காட்டூர் கோவிலில் முழந்தாளிட்டு நேர்ந்துகொண்டார், பிள்ளை பிழைத்தால் பெண்ணை மடத்துக்குத் தருகிறேன் என்று. நீ பிழைத்தாய். அம்மா போய்விட்டார். நேர்ச்சை அப்பாவிடம் நிற்கிறது. அவர் என்னை வற்புறுத்தவில்லை. சாப்பிடும்போது தினமும் ஒரு தடவை அம்மா பேரைச் சொல்வார், அவ்வளவுதான்.

வெளியிலிருந்தபடி செய்கிற பயிற்சி முடிந்தது. இனி ஒரு வருடம் உள்ளேயே. போன் கிடையாது. அடுத்த மே 31 வார்த்தைப்பாடு, துறவியாக உறுதிமொழி கொடுக்கிற நாள். அதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்று மதரே சொல்லியிருக்கிறார். மடத்துக் கதவைப் பற்றி எனக்குப் பயமில்லை. நம் வீட்டுக் கதவுதான் பயம். நானாக வந்து நின்றால் அப்பா திறக்க மாட்டார். பிழைத்த பிள்ளை நீயே வந்து, "எனக்காக அக்கா அங்க இருக்க வேணாம்ப்பா" என்று சொன்னால் அவரால் மறுக்க முடியாது.

கடிதங்களை மதர் படித்துத்தான் அனுப்புவார். ஆகவே மேலே "இயேசுவுக்கே புகழ்" என்று போட்டிருந்தால் நான் தாக்குப் பிடிக்கிறேன். அம்மாவும் அப்பாவும் பழைய வழக்கப்படி சொல்வார்களே, அதுபோல "சேசுவுக்கே புகழ்" என்று போட்டிருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போ. "ஒரு எழுத்து போதும்க்கா, கடையச் சாத்திட்டு வந்து நிப்பேன்" என்று நீ சொன்னாய். நான் நம்பிப் போகிறேன்.

நான் டியூஷன் எடுத்த முன் அறையை அதுவரை உன் கேம் கடைக்கு எடுத்துக்கொள். சுவரில் ஆணி அடிக்காதே. அப்பாவைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
ஜெனிஷா


ஞானஒளிவுபுரம்
ஜூன் 14

இயேசுவுக்கே புகழ்.

அன்பு அக்காவுக்கு டோனி வணக்கம். நானும் அப்பாவும் நலம், உன் நலம் அறிய ஆசை. அப்பாவுக்குக் கண்புரை கூடிவிட்டது. பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். உன் கடிதங்களையும் இனி நான்தான் வாசிப்பேன்.

ஹெல்மெட் கடிதம் கிடைத்தது. கவலையே படாதே.

அக்கா, புதுக் கண்சோல் வந்துவிட்டது! டிவியில் மாட்டியும் ஆடலாம், கழற்றிக் கையில் வைத்தும் ஆடலாம். சென்னைப் பார்ட்டி மூலமாகத் தருவித்தேன். மதுரையில் கண்சோல் நம்மிடம்தான் முதலில் என்று போனில் ஒரு படம் போட்டேன், அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு வாசலில் கூட்டம். முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தவர்கள் நம் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்கள். அப்பா உயிரோடு காப்பி குடிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

பதினொரு மணிக்குள் அத்தனை பெட்டியும் காலி. சிவனாண்டி என்று ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அண்ணே, கீழக்குயில்குடியிலருந்து வாரேன், மகளுக்குச் சத்தியம் பண்ணிட்டேன், ஒண்ணே ஒண்ணு எடுத்து வையுங்கண்ணே" என்றான். அடுத்த சரக்கில் தருகிறேன் என்றேன். உலகம் முழுக்க இதே கதைதானாம். ஆரம்பத்திலேயே இவ்வளவு வேகமாக எந்தக் கண்சோலும் விற்றதில்லையாம்.

உன் அறைக்கு நல்ல ராசி அக்கா.

உன் தம்பி,
டோனி


அடைக்கல அன்னை மடம்
சோழவந்தான் அருகே
ஜூலை 6

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பிக்கு, நலம். நலமறிய ஆவல். அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு எப்போது கூட்டிப் போகிறாய்?

உன் கடிதத்தில் மூன்று இடத்தில் "கண்சோல்" என்று இருக்கிறது. "கன்சோல்". கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. என் சிவப்புப் பேனா இல்லாமல் உனக்குக் குளிர்விட்டுப் போயிற்று.

காலை நாலரைக்கு மணி. செபம், வேலை, செபம். எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். மதிலுக்கு வெளியே வெற்றிலைக் கொடிக்கால். சாயங்காலம் பெண்கள் வேலை முடிந்து, யார் வீட்டு மாப்பிள்ளை என்ன செய்தான் என்று சத்தமாகப் பேசிக்கொண்டே போவார்கள். நான் காயாத துணியை எடுக்கிற சாக்கில் நின்று கேட்பேன். ஒரு கதைக்கு முடிவு தெரியாமல் மூன்று நாள் தவித்தேன்.

கடை நன்றாக நடப்பதில் சந்தோஷம். என் பிள்ளைகள் யாராவது டியூஷன் எப்போது என்று கேட்டு வந்தார்களா? ஞாயிறு பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை பார்வையாளர் வரலாம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்தான்.

அன்பு அக்கா,
ஜெனிஷா


ஞானஒளிவுபுரம்
ஆகஸ்ட் 19

இயேசுவுக்கே புகழ்.

அன்பு அக்காவுக்கு, இங்கு எல்லோரும் நலம். பதில் தாமதம், மன்னித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம், அதனால் வர முடியவில்லை.

கன்சோல் (பார்த்தாயா!) இரண்டாவது சரக்கும் போயிற்று. அப்பா நான்கு வருடமாக என்னை "விளையாட்டுப் பயல்" என்றுதான் சொல்வார். இப்போது பங்குக் கோவிலில் நிற்கிறவர்களிடம், "என் மகன் வியாபாரத்துல இருக்கான்" என்கிறார்.

முன் அறையின் தெருப்பக்கச் சுவரை இடித்து ஷட்டர் போட்டாயிற்று. ஆணி அடிக்காதே என்றாய், அடிக்கவில்லை, சுவரே இல்லை. உன் கட்டிலைப் பிரித்து மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன், தார்ப்பாய் போட்டு மூடித்தான். உன் பிள்ளைகள் வந்தார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் விளையாட விட்டேன். இப்போது யாரும் டியூஷனைப் பற்றிக் கேட்பதில்லை.

இன்னொரு சேதி. கே.கே. நகரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பெண் பெயர் ஜெசிந்தா, அவள் அப்பா வாத்தியார். கடையைப் பார்த்துவிட்டு அவர்களாகவே வந்தார்கள்.

உன் தம்பி,
டோனி


அடைக்கல அன்னை மடம்
செப்டம்பர் 8

சேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பிக்கு, நான் நலம். நீயும் அப்பாவும் நலமா?

இன்று மாதா பிறந்தநாள். பாயசம் செய்தோம். மழை வரும்போல இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

பார்வையாளர் நேரம் ஞாயிறு பத்திலிருந்து பன்னிரண்டு. வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் பஸ் வருவது தெரியும்.

அன்பு அக்கா,
ஜெனிஷா


ஞானஒளிவுபுரம்
அக்டோபர் 25

இயேசுவுக்கே புகழ்.

அன்பு அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல். தீபாவளி விற்பனையில் மூச்சுவிட நேரமில்லை. பெட்டி வாங்க வந்தவர்களுக்கு மோர் கொடுக்கத் தனியாக ஓர் ஆள் போட்டேன் என்றால் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தில் ஒரு பிழை கண்டேன். எத்தனை வருடம் என் நோட்டில் சிவப்பு மையால் சுழித்தாய்! இந்தத் தடவை என் முறை. மேலே "சேசு" என்று எழுதியிருக்கிறாய். அது பழைய எழுத்து. இப்போது எல்லோரும் "இயேசு" என்றுதான் எழுதுகிறார்கள். வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறவள், ஆண்டவர் பெயரையே தப்பாக எழுதலாமா? மதர் என்ன நினைப்பார்? கவனமாக எழுது.

ஜெசிந்தா வீட்டில் உன்னைப் பற்றிச் சொன்னேன். அவள் அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நாத்தனார் சிஸ்டராப் போறாகளாமே, குடுத்து வச்ச வீடு" என்றார். கட்டிக்கொடுக்க வேண்டிய அக்கா வீட்டில் இருந்தால் இந்தச் சம்பந்தமே வந்திருக்காது என்று தரகர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

உன் தம்பி,
டோனி


அடைக்கல அன்னை மடம்
நவம்பர் 9

சேசுவுக்கே புகழ்.

அன்புத் தம்பிக்கு, நலம்.

பிழை இல்லை. அம்மா அப்படித்தான் சொல்வார். நீ காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரி முழுக்க உன் காதில் "சேசு, சேசு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு அப்பா சொல்லியிருக்கிறார். நான் தெரிந்துதான் எழுதினேன். இப்போதும் தெரிந்துதான் எழுதுகிறேன். சேசுவுக்கே புகழ்.

எட்டு ஞாயிறு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நான் வாடியிருப்பதைப் பார்த்து மதர், "உங்க அப்பாகிட்ட நான் வேணா பேசவாம்மா?" என்று கேட்டார். அப்பா உன் வாயால் கேட்டால்தான் தாங்குவார். தம்பி வருவான் மதர் என்று சொல்லித் தடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு எழுத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டு.

அக்கா,
ஜெனிஷா


ஞானஒளிவுபுரம்
ஜனவரி 4

இயேசுவுக்கே புகழ்.

அன்பு அக்காவுக்குப் புத்தாண்டு வாழ்த்துக்கள். நாங்கள் நலம். கிறிஸ்துமஸ் கேக் அனுப்பினேன், கிடைத்ததா?

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவரைக் குழப்ப வேண்டாம் என்று மேலே "இயேசு" என்றே வாசித்தேன். நடுவில் இருந்ததையும் கொஞ்சம் சுருக்கினேன். "பிள்ளைக்கு அங்க மனசு ஒட்டிருச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷத்தை நான் எப்படிக் கெடுப்பேன்?

இதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு பிரஷர் ரொம்ப ஏறிக் கிடக்கிறது. அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழக் கூடாது என்கிறார் டாக்டர். நீயாக வந்து வாசலில் நின்று ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. ஒன்று யோசித்துப் பார் அக்கா. அம்மா நேர்ந்துகொண்டதால்தானே நான் உயிரோடு இருக்கிறேன். நீ பாதியில் எழுந்து வந்தால் என் உயிருக்கு என்ன உத்தரவாதம்?

ஜூலையில் கல்யாணம். கடையை மாடிக்கும் விரிக்கிறேன். உன் கட்டில் மழையில் ஊறிவிட்டது, விறகுக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் தம்பி,
டோனி


அடைக்கல அன்னை மடம்
மார்ச் 15

சேசுவுக்கே புகழ்.

தம்பி, நலம் விசாரிக்க இன்று தெம்பில்லை.

மதர் படிக்கட்டும், வெளிப்படையாகவே எழுதுகிறேன். எனக்கு இங்கே யாரும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. என் இடம் இதுவல்ல. கண்ணை மூடினால் எனக்குக் கடவுள் வரவில்லை, பெருக்கல் வாய்ப்பாட்டை ஒப்பிக்கிற பிள்ளைகள்தான் வருகிறார்கள். உன் கடை எனக்கு வேண்டாம், அறை வேண்டாம். அடுப்படியில் ஒரு பாய் போதும். உன் கல்யாணம் முடிகிறவரை யார் கண்ணிலும் படாமல் இருக்கிறேன்.

அப்பாவின் பிரஷரை நினைத்துத்தான் நானாகக் கிளம்பாமல் இருக்கிறேன். நீ பக்கத்தில் இருந்து பக்குவமாகச் சொன்னால் அவருக்கு ஒன்றும் ஆகாது. பதிமூன்று வருடம் உனக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரே ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரப் பஸ். கெஞ்சிக் கேட்கிறேன், வா.

ஜெனிஷா


அடைக்கல அன்னை மடம்
ஜூன் 7

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள டோனிக்கு, நலம். நலமறிய ஆவல்.

வார்த்தைப்பாட்டுக்கு அப்பாவை அழைத்து வந்ததற்கு நன்றி. என் மார்ச் மாதக் கடிதம் கிடைக்கவே இல்லை என்று வாசலிலேயே சொன்னாய். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னாய்.

பீடத்துக்குப் போவதற்குக் கால் மணி நேரம் முன்பு அப்பா என் தலையைத் தடவி, "சந்தோசமா இருக்கியாம்மா?" என்று கேட்டார். நீ அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த வயசான முகத்தைப் பார்த்து, ஏறிக் கிடக்கிற பிரஷரை நினைத்து, "இருக்கேன்ப்பா" என்றேன். நீ மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

சாப்பாடு முடிந்ததும், வெயிலில் வந்தவராயிற்றே என்று எங்கள் நர்ஸ் சிஸ்டர் அப்பாவுக்கு பிரஷர் பார்த்தார். "இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கு ஐயா" என்று சிரித்தார். பிரஷர் என்று எந்த டாக்டரும் எப்போதும் சொன்னதில்லை என்று அப்பாவும் சிரித்தார். நீ அப்போது வெளியே ஜெசிந்தா வீட்டாருக்கு மடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாய்.

உன் கல்யாணத்துக்கு என் செபங்கள்.

சிஸ்டர் ஜெனிஷா


ஞானஒளிவுபுரம்
செப்டம்பர் 2

சேசுவுக்கே புகழ்.

அன்பு அக்கா, மேலே பார். தெரிந்துதான் எழுதியிருக்கிறேன். என்னைக் காப்பாற்று.

புதுக் கன்சோல் கேட்டு ஆட்கள் நெருக்கியபோது சென்னையில் சரக்கு தீர்ந்துவிட்டது. வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. ரிப்பேர் பார்த்த பழைய பெட்டிகளைப் புது அட்டையில் போட்டு விற்றேன். நெட்டில் மாட்டியதும் கம்பெனிக்காரன் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக ஓடாமல் பூட்டிவிடுகிறான். அதே வாசல், அதே கூட்டம். முன்னால் நிற்பவன் அந்தக் கீழக்குயில்குடி சிவனாண்டி. "அண்ணேன்னு கூப்புட்ட வாயாலயே கேக்குறேன், என் மகட்ட என்னடா சொல்லுவேன்?" என்று ஷட்டரை உதைக்கிறான். ஜெசிந்தா நாற்பதாம் நாளே கே.கே. நகருக்குப் போய்விட்டாள். திரும்பி வர மாட்டாளாம்.

போன வாரம் அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படுத்த படுக்கை. என்னால் தூக்கவும் முடியவில்லை, துடைக்கவும் முடியவில்லை. நாள் முழுக்க "ஜெனி, ஜெனி" என்கிறார்.

மதரிடம் கேட்டு ஒரு மாதம் வா. நீ அந்த உடுப்போடு வாசலில் வந்து நின்றாலே கூட்டம் கலைந்துவிடும். சிஸ்டர் முன்னால் யாரும் கை ஓங்க மாட்டார்கள். நான் செய்தது தப்புதான். நீ என்னை வளர்த்தவள் இல்லையா?

உன் தம்பி,
டோனி


அடைக்கல அன்னை மடம்
செப்டம்பர் 5

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள டோனிக்கு, இறையருளால் நலம். நீ நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்தக் கடிதத்தை எங்கள் ஆம்புலன்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன். அப்பாவை அதில் ஏற்றி அனுப்பு. இங்கேயே முதியோர் இல்லம் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்வேன். கண்ணுக்கும் ஆபரேஷன் செய்ய மதர் ஏற்பாடு செய்திருக்கிறார். வண்டியில் அப்பாவுக்கும் நர்ஸ் சிஸ்டருக்கும் மட்டும்தான் இடம் இருக்கிறது.

அப்பாவின் தலையணைக்கு அடியில் என் கடிதங்கள் இருக்கும். வாசிக்க முடியாவிட்டாலும் எடுத்து வைத்திருப்பார், எனக்குத் தெரியும். அவற்றை ஒன்று விடாமல் கொடுத்தனுப்பு. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு கடிதம் வாசித்துக் காட்டலாம் என்றிருக்கிறேன். சுருக்க மாட்டேன். ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். "சே" வருகிற இடத்தில் "சே" என்றே வாசிப்பேன். பிரஷர் நன்றாக இருக்கிறது, தாங்குவார். ஹெல்மெட்டில் வைத்த கடிதம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு மனப்பாடம்.

சிவனாண்டிக்கும் மற்றவர்களுக்கும் ஷட்டரைத் திறந்து பதில் சொல். நான் வர அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மதர் கொடுத்திருப்பார்.

அம்மா நேர்ந்துகொண்ட நேர்ச்சை நிறைவேறிவிட்டது. ஆகவே நீண்ட நாள் உயிரோடு இருப்பாய்.

சிஸ்டர் ஜெனிஷா

பின்குறிப்பு: உன் கடிதத்தில் முதல் வரியிலேயே ஒரு பிழை இருக்கிறது. சிவப்பு மையால் திருத்தி, இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது எல்லோரும் "இயேசு" என்றுதான் எழுதுகிறார்கள்.